மூன்று மணி விரதம்

செப்டம்பர் 29, ஞாயிறு

கடைக்கு இன்று புதிதாகப் பதினான்கு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். தீபாவளி முடியும்வரை அவர்களுக்கும் மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். சமையலுக்கு வரும் மாரக்காவும் நானும் நாளை முதல் உலையைப் பெரிய அண்டாவில் வைக்க வேண்டும். "நம்ம குடும்பம் பெருசாயிருச்சு" என்று என் கணவர் சென்னியப்பன் கல்லாவில் உட்கார்ந்தபடி அறிவித்தார். குடும்பம் பெரிதாகும்போதெல்லாம் அரிசி களைபவள் மட்டும் ஏன் ஒருத்தியாகவே இருக்கிறாள் என்பது பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை.

வானொலி நாடகப் போட்டிக்கான அறிவிப்பும் இன்றைக்கே வந்திருக்கிறது. அரை மணி நேர நாடகம். நான்கு பாத்திரங்களுக்கு மேல் கூடாது. கடைசி நாள் அக்டோபர் 28. வருடா வருடம் இதே தேதிதான். இலக்கியத்தை வளர்ப்பவர்கள் யார் வீட்டிலும் ஜவுளிக்கடை இல்லை போலிருக்கிறது. சென்ற மூன்று வருடங்களிலும் முதல் காட்சியை எழுதினேன், சீசன் வந்தது, நிறுத்தினேன். மூன்றுமே நல்ல முதல் காட்சிகள். முதல் காட்சிகளுக்கென்று ஒரு போட்டி வைத்தால் கோபிச்செட்டிபாளையத்தில் என்னை வெல்ல ஆளில்லை.

வயது நாற்பத்தெட்டு. இந்த வருடம் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் இனி எந்த வருடமும் ஆரம்பிப்பதில்லை. இது சபதமெல்லாம் இல்லை. அடுக்களையை ஒழிக்கும்போது உபயோகமில்லாத பாத்திரத்தை எடுத்துப் போடுவது மாதிரி ஒரு முடிவு.

அக்டோபர் 1, செவ்வாய்

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்.

மதியப் பந்தி முடிந்ததும், சாயங்கால டீக்கு முன்னால், மூன்றிலிருந்து நான்குவரை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். தாராளமா எழுது, யார் வேண்டாம்னு சொன்னா என்றார் கணவர். படுக்கையறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் அவரே வந்து கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார். அடுத்து என் மாமியார் ராமாத்தாள் வந்து தலைவலியா என்று கேட்டார். மாரக்கா கேட்கவில்லை, நேராகச் சுக்குக் காப்பியோடு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா பகலில் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது மனஸ்தாபமா என்று அத்தையிடம் ரகசியமாக விசாரித்தார். அந்த ரகசியம் எனக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தெளிவாகக் கேட்டது.

நம் ஊரில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் காய்ச்சல், கோபம், துக்கம் இவற்றில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். மூன்றும் இல்லாமல் உட்காருவது ஆள்மாறாட்டம் போன்ற குற்றம்.

ஒரு வரி எழுதினேன். அதுவும் கத்தரிக்கோலைப் பற்றி வந்துவிட்டது. அடித்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

புரட்டாசி என்று ஒரு மாதம் இருப்பதை எப்படி மறந்தேன்? எதிர்வீட்டு மருமகள் விரதமென்று பூஜையறையில் உட்கார்ந்திருந்தாள். கேஸ் சிலிண்டர்காரன் வந்து கத்தினான், கொரியர்காரன் வந்து கத்தினான், அவள் மாமனாரே ஓடி ஓடிக் கையெழுத்துப் போட்டார். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.

இரவு சாப்பிடும்போது சொன்னேன். நாளை முதல் தினமும் மூன்றிலிருந்து நான்குவரை மௌன விரதம். மாடி அறையில், தனியாக.

கணவர் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். சீசனில் இதென்ன என்று கேட்பார் என நினைத்தேன். சீசனுக்காகத்தான் என்று அவரே எடுத்துக்கொண்டுவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. அத்தை தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"யாருக்கு வேண்டிக்கிட்ட அம்மிணி?"

"வெளிய சொன்னாப் பலிக்காதுங்க அத்தை."

இந்த சீசனில் நான் எழுதிய முதல் நல்ல வசனம் இது. பொய்யும் இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

மாடி அறையில் கடையின் பழைய பொம்மைகள் இருக்கின்றன. ஷோகேஸில் சேலை கட்டி நின்று ஓய்வுபெற்றவை. தலையில்லாத ஆண் ஒன்று, கை கழன்ற பெண்கள் மூன்று. போட்டி விதிக்குச் சரியாக நான்கு பேர். ஆணைக் கணவனாக நிறுத்தினேன். பெண்களில் ஒருத்தி கதாநாயகி, ஒருத்தி மாமியார், ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவள்.

கதை சின்னதுதான். கல்யாணமாகிப் பல வருடமான ஒரு பெண், பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து கூப்பிடுகிறார்கள். பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே. கணவன் வைத்திருப்பது மளிகைக்கடை.

வானொலி நாடகத்தைக் கண்ணால் எழுத முடியாது. வசனத்தை வாய்விட்டுச் சொல்லிக் காதில் விழுந்தால்தான் சரியா தப்பா என்று தெரியும். ஆகவே கதவைத் தாழிட்டுவிட்டு, ஆண் குரலிலும் பெண் குரலிலும் மாற்றி மாற்றிப் பேசினேன். மௌன விரதத்தின் முதல் நாளே தொண்டை கட்டிவிட்டது.

கதவை யாரும் தட்டவில்லை. எத்தனை வருடமாயிற்று ஒரு மணி நேரத்தை முழுசாகப் பார்த்து. அது இவ்வளவு நீளமானது என்று நினைவே இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

விரதம் வேலை செய்கிறது. கடையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிற்க இடமில்லை என்கிறார் கணவர். போன வருடமும் இதே வாரம் நிற்க இடமில்லை, ஆனால் அப்போது காரணம் தெரியாமல் இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் அத்தையின் முழங்கால். மூன்று வருடமாக மாடிப்படியை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இன்று நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது மேல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்படி ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"வலியே தெரியலையே. இங்க நல்லாக் காத்து வருது."

அந்த இடத்தில் ஜன்னல் கிடையாது. ஆனால் அவருக்கு வருகிறது என்றால் வருகிறதுதான். கணவர் கண் கலங்கிவிட்டார். இனி சாயங்கால டீயை மாரக்காவே பார்த்துக்கொள்ளட்டும், நீ அவசரப்பட்டு இறங்கி வராதே என்றார்.

அக்டோபர் 9, புதன்

இரவு அத்தை திடீரென்று டிவி சீரியல்களைத் திட்ட ஆரம்பித்தார். மாமியார் என்றாலே காப்பிப்பொடி டப்பாவைப் பூட்டி வைப்பவளாகத்தான் காட்டுகிறார்களாம்.

"எந்த மாமியா இந்தக் காலத்துல காப்பிப்பொடியப் பூட்டி வெக்கறா? எழுதறவனுக்கு வேற ஒண்ணும் தோணாதா?"

கணவர் ஆமாம் என்றார். ஆமாம் என்றுதான் நானும் சொன்னேன். என் இரண்டாம் காட்சியிலும் மாமியார் காப்பிப்பொடியைப் பூட்டித்தான் வைக்கிறாள். இது எவ்வளவு தேய்ந்த சங்கதி என்பது அத்தை சொன்ன பிறகுதான் உறைத்தது. நாளைக்கு மாற்றிவிட வேண்டும்.

எங்கள் டிவி போன வாரத்திலிருந்து பழுது. அத்தை பழைய ஞாபகத்தில் பேசியிருப்பார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடையிலும் வீட்டிலும் பொரி, சந்தனம், கூட்டம். இன்று மாடிக்குப் போகவில்லை. அத்தை நாள் முழுவதும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தார். ஆரம்பித்த விரதத்தை நடுவில் விடலாமா என்று இரண்டு தடவை கேட்டார். அவருடைய பக்தி எனக்கு இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்றாம் காட்சி முடிந்தது. சாம்பாரில் உப்பில்லை. கடைப் பெண்கள் யாரும் சொல்லவில்லை, நல்ல பிள்ளைகள்.

அக்டோபர் 18, வெள்ளி

கணவரின் அக்கா தெய்வானை, எனக்கு நங்கையா முறை, கரூரிலிருந்து வந்து இறங்கினார். தீபாவளிவரை இருப்பார். கடையில் கூட்டம், வீட்டில் ஆளில்லாமல் நான் கஷ்டப்படுவேன் என்று உதவிக்கு வந்திருக்கிறார். வந்ததும் காப்பி கேட்டார், வெந்நீர் கேட்டார், பிறகு எனக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்.

விரதத்தைப் பற்றிக் கணவர் பெருமையாகச் சொன்னார். நங்கையா என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலையின் சாயம் போகுமா என்று பார்ப்பவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

அக்டோபர் 19, சனி

வினை.

கணவன் பேசும் இடம் இன்று அருமையாக வந்தது. அடித்தொண்டையில், "இந்த வாசப்படியத் தாண்டிப் போனவ திரும்பி வரப்படாது. இது என்ற வாக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். திருப்தியில்லாமல் இன்னும் கனமாக இரண்டாம் முறை சொன்னேன்.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தால் நங்கையா நெற்றி நிறையத் திருநீற்றோடு நிற்கிறார். கைகூப்பியிருந்தார்.

"ஆத்தா, நீ எந்தச் சாமி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அதுவும் விரதத்தில் சேர்ந்துவிட்டது.

பக்கத்தில் கீரையோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தேன். அவர் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த காம்பை எடுத்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

படியடியில் ஐந்தாறு பெண்கள், கையில் எலுமிச்சம்பழத்தோடு. நங்கையாவுக்கு இந்த ஊரில் இன்னும் இத்தனை சிநேகிதிகள் இருப்பது எனக்குத் தெரியாது. ஒருவருக்கு மகனின் விசா எப்போது வரும் என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு வாடகைக்கு இருப்பவர் எப்போது காலி செய்வார் என்று தெரிய வேண்டும். சாமிக்கு வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் கேட்கிறார்கள்.

தாழிட்ட கதவுக்குப் பின்னால் நானும் தலையில்லாத கணவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றோம். படியில் குசுகுசுவென்ற சத்தம். ஒரு வரி நகரவில்லை. கடைசிக் காட்சி பாக்கி. நாட்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. இந்த வருடமும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 21, திங்கள்

இன்றும் வந்தார்கள். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். வெளியே அத்தையின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை, மோர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் பேசினார்.

"சாமி ஒண்ணு சொல்லீருச்சு. மூணுலிருந்து நாலு மணிக்குள்ள இந்தப் பக்கம் எவ வந்து நிக்கறாளோ, அவ நெனச்சது இந்த வருசம் நடக்காது."

நங்கையா கேட்டார்.

"யாருகிட்டம்மா சொல்லுச்சு?"

"எங்கிட்டத்தான். தெனமும் பக்கத்துல உக்காந்திருக்கறவ நாந்தான?"

"அப்ப நீ மட்டும் உக்காந்திருக்கற?"

"எனக்கு நெனச்சது ஒண்ணும் பாக்கி இல்லடி."

காலடிச் சத்தங்கள் இறங்கிப் போயின. அப்படி ஒரு வாக்கை எந்தச் சாமி எப்போது சொன்னதென்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. ஆனால் வசனம் நறுக்கென்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அவ்வளவு சிக்கனமாக வராது.

எலுமிச்சம்பழங்களைப் படியடியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாரக்கா ஊறுகாய் போட்டுவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

அமைதி திரும்பிவிட்டது, காட்சிதான் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் மாமியார் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். கணவன் வந்து மிரட்டிவிட்டுப் போய்விட்டான். பூக்காரி புத்தி சொல்லிவிட்டாள். இப்போது கிழவி வந்து பெஞ்சுக்கு முன்னால் நிற்கிறாள். மருமகள் கேட்கிறாள்: "நீங்க எதுக்குங்க அத்தை வந்தீங்க?"

அதற்குக் கிழவி என்ன சொல்வாள்?

திட்ட வைத்தேன். மேடைப் பேச்சாக இருந்தது. கெஞ்ச வைத்தேன். மாமியார்களைப் பார்த்தே இராத ஒருத்தி எழுதியது மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்க வைத்தேன். எனக்கே கூச்சமாகிப் பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

அக்டோபர் 26, சனி

கணவருக்குக் குரல் போய்விட்டது. சாப்பிட்டது நின்றபடி, தட்டு ஒரு கையில், சேலைப்பெட்டி ஒரு கையில். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்று விரதத்தை விட்டுவிட்டுக் கடைக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சைகை காட்டினார். பிறகு காற்றாக வந்த குரலில், "நீ மேல போ. அதனாலதான் ஓடுது" என்றார்.

குற்ற உணர்ச்சி வந்தது. மூன்று மணிக்குப் போய்விட்டது.

கிழவி இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. இரண்டு தடவை உலை வைத்தோம். மாடிப்படியைப் பார்க்கக்கூட நேரமில்லை. நாளை கடைசி நாள்.

அக்டோபர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியமே வீடு நிரம்பிவிட்டது. கணவரின் பெரியப்பா வீட்டு ஒறம்பரைச் சனம் மொத்தமும் துணி எடுக்க வந்து, எடுத்த துணிகளோடு கூடத்தில் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணி அடித்தபோது என் கையில் காப்பித் தட்டு. நங்கையா எனக்குப் பலகாரத்துக்கு மாவு சலித்து உதவப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை, அந்த உதவியை நான் அவருக்குச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினார். வாங்கி, நங்கையாவின் கையில் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"போ."

போனேன். தாழிட்டேன். பொம்மையை முன்பக்கம் திருப்பினேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைசிக் காட்சியை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பஸ் ஹாரன், கண்டக்டர் விசில், எல்லாம் நானே. கேள்வி வந்தது.

"நீங்க எதுக்குங்க அத்தை வந்தீங்க?"

நின்றுவிட்டேன். மறுபடி சொன்னேன். பொம்மைக்குக் கையில்லை, எனக்கு வார்த்தை இல்லை. மூன்றாம் தடவை சொன்னபோது குரல் உடைந்து, நாடகத்தில் வேண்டியதைவிட அதிகமாக உடைந்து, தானாகப் பெரிதாக வந்துவிட்டது.

"எதுக்குங்க அத்தை வந்தீங்க?"

கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"சும்மா உக்காரத்தான். சித்த தள்ளிக்க."

நான் கதவைத் திறக்கவில்லை. அந்தப் பக்கமும் ஒன்றும் அசையவில்லை. எழுதினேன். அதன்பின் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எல்லாம் தாமாகவே வந்தன. மருமகள் தள்ளி உட்காருகிறாள். இருவரும் பேசவில்லை. ஒரு பஸ் வருகிறது, போகிறது. இன்னொரு பஸ் வருகிறது, போகிறது. பூக்காரி கடையை மூட்டை கட்டிக்கொண்டே, "ஏனம்மா, நீங்க ரெண்டு பேரும் எந்த ஊருக்கு?" என்று கேட்கிறாள். முற்றும்.

வெளியே வந்தபோது படியில் யாருமில்லை. கீழே அத்தை பெரியப்பா வீட்டுக்காரர்களிடம் ஜரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. இருட்டுவதற்குள் நாடகத்தைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அதன்பின் மாவு சலித்தேன். நன்றாகவே சலித்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கணவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம்வரை தூங்கினார். எழுந்து, குரல் திரும்பிவிட்டதா என்று என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். திரும்பியிருந்தது. சாதாரண நாளில் எரிச்சலாக இருக்கும், இன்று கேட்க நன்றாக இருந்தது. நாடகம் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னேன். "எப்ப எழுதுன? உனக்குத்தான் விரதத்துக்கே நேரம் பத்தலையே" என்றார். விளக்கவில்லை. பண்டிகை நாளில் ஒருவரின் நம்பிக்கையைக் கெடுப்பது நாகரிகமில்லை.

நங்கையா ஊருக்குக் கிளம்பும்போது என் காலைத் தொட வந்தார். நான் அவர் காலைத் தொட முந்திக்கொண்டேன். தலைகள் முட்டிக்கொண்டன.

நவம்பர் 4, திங்கள்

பதினான்கு பெண்களும் ஆளுக்கொரு சேலையோடு ஊருக்குப் போய்விட்டார்கள். சின்னப் பாத்திரத்தில் உலை. போட்டி முடிவு பொங்கலுக்குத்தான். வென்றாலும் வெல்லாவிட்டாலும், முற்றும் என்று ஒரு தடவை எழுதிவிட்டேன். இதை அடிக்கடி எடுத்து நினைத்துக்கொள்கிறேன், புது வளையலைத் தொட்டுப் பார்ப்பது போல.

மதியம் கூடத்துக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடே காலியாக இருந்தது. அத்தை கையில் முருங்கைக்கீரையோடு வந்து எதிரில் நின்றார்.

"என்ன அம்மிணி, மணி மூணாச்சு."

"விரதம் முடிஞ்சுதுங்க அத்தை."

அவர் நகரவில்லை. கீரைக்கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"முடிஞ்சுதுன்னா? அவங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டேண்டுலயே உக்காந்திருக்கறாங்களே. பூக்காரியும் போயிட்டா. இருட்டிப் போச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"

எனக்கும் தெரியவில்லை. மாடி அறைச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அவர் பாதிப் படி ஏறியிருந்தார்.